காரீயக் குண்டும் வீட்டுப் புழுதியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேட்டையிலும் குறிபார்த்துச் சுடும் பந்தயத்திலும் பிரியமுள்ளவர்கள் பலர், சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை எறிந்துவிடாமல் பொறுக்கி வந்து, சுத்தம் செய்து, மருந்தும் குண்டும் புதிதாக இட்டு மறுபடி உபயோகிக்கிறார்கள். அவர்களிலும் சிக்கன புத்தியும் கைவேலையில் ஆசையும் ஒருங்கே வாய்ந்த சிலர், குண்டைக்கூடக் கடையில் வாங்காமல், காரீயத்தை உருக்கி அச்சில் ஊற்றித் தாங்களே வார்த்துக்கொள்கிறார்கள். சொந்த உபயோகத்திற்கு இப்படிச் செய்துகொள்ள அந்நாட்டு மத்திய சட்டப்படி லைசென்ஸ் தேவையில்லை. விற்பனைக்காகச் செய்தால்தான், 1968-ஆம் வருஷத்துத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் லைசென்ஸ் அவசியமாகிறது. இந்தியாவில் இருந்து இதை வாசிப்பவருக்கு விஷயம் அடியோடு வேறு: 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் தோட்டாவை மட்டுமல்ல, அதன் பாகங்களையும், அதைச் செய்யும் யந்திரத்தையும்கூட ஒரே வகையில் சேர்த்திருப்பதால், லைசென்ஸ் இன்றி இந்தத் தொழிலில் கை வைப்பது இங்கே குற்றமாகும்.

இன்னொன்றையும் இங்கேயே பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு, அசலானதாக இருந்தால், வெள்ளீயத்தால் ஆனது. நான் பேசுவது காரீயத்தைப் பற்றி. இரண்டையும் ‘ஈயம்’ என்ற ஒரே பெயரால் நாம் அழைத்து வந்தது பாஷையின் தாராளமேயன்றி, உலோகங்களின் குணம் அல்ல.

வார்ப்புக் குண்டின் அனுகூலங்களை மறைப்பது நியாயமாகாது. முதலாவது செலவு, பழைய உலோகத்தை மலிவாகத் தேடிப் பிடிக்கத் தெரிந்தவனுக்குக் கடைக்குண்டின் விலையில் ஒரு பகுதிதான் ஆகும். 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது அமெரிக்கக் கடைகளில் தோட்டா அலமாரிகள் காலியாகக் கிடந்த காலத்தில், அச்சும் கரண்டியும் கைவசம் இருந்தவனுக்குக் குண்டைப் பற்றியாவது கவலை இல்லாதிருந்தது. செம்பு உறையிட்ட குண்டைவிட மிருதுவானதாகையால், பழைய கைத்துப்பாக்கிகளின் குழலை வார்ப்புக் குண்டு அதிகம் தேய்ப்பதில்லை. மூலப்பொருளின் கதையும் ரசமானது: லைனோடைப் யந்திரங்களில் எழுத்து வார்த்த உலோகம் (நூற்றுக்குச் சுமார் 84 பங்கு காரீயம், 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம்) வெகுகாலம் இவர்களுக்கு ஒரு புதையலாக இருந்து வந்தது, நேற்றுப் பத்திரிகைத் தலையங்கமாக நின்ற ஈயம் இன்று குண்டாகிப் பறக்கிறது என்பதை, அச்சுக்கூடத்து மையின் வாசனை தெரிந்தவன் எவனும் சற்றே சிரிக்காமல் கேட்க முடியாது.

குறைகளில் சில துப்பாக்கியைச் சேர்ந்தவை. வேகம் மிகுந்தால் குழலின் உட்புற வரிகளில் ஈயம் அப்பிக்கொள்ளும், குறி தவறும், பூசிய மெழுகு புகையும். இவற்றை விட்டுவிடலாம், ஏனெனில் அவனவன் சங்கடம் அவனவனோடு போகும். உருக்கும் இடத்து ஆபத்து அப்படிப்பட்டதல்ல. உருகிய ஈயத்திற்குள் ஈரமுள்ள ஒரு துண்டு விழுந்தால், அந்தத் துளி நீர் க்ஷணத்தில் நீராவியாகிப் பெருகி, பாத்திரத்தில் உள்ளதை முகத்திலும் சுவரிலும் வாரி இறைக்கும். வாகன பாட்டரியின் தகடுகளை உருக்குவது இன்னும் மோசம். அவற்றில் உள்ள ஆர்சனிக், ஆன்டிமனி முதலியவற்றின் கசடு ஈரம் பட்டால் கொடிய விஷவாயுக்களை எழுப்பக்கூடும் என்பதால், அனுபவசாலிகள் அதைத் தொடுவதே இல்லை.

ஆயினும் இத்தொழிலில் ஈடுபட்டவர்கள் பெரும்பாலும் பயப்படுவது பாத்திரத்திலிருந்து எழும் ஆவியைக் கண்டுதான். என் அபிப்பிராயத்தில் அந்தப் பயம் இடம் மாறி நிற்கிறது. காரீயம் 327 டிகிரி சென்டிகிரேடில் உருகிவிடும். சூடு 500 டிகிரியை நெருங்கும்போதுதான் அதன் ஆவி பெரும் கவலைக்குரியதாகிறது. உண்மையான விஷம் புழுதியில் இருக்கிறது. மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கசடை வழித்துக் கொட்டும்போதும், தோட்டாவின் மருந்தைப் பற்றவைக்கும் கேப்பில் உள்ள காரீய ஸ்டிப்னேட் என்ற பொருள் வெடித்துப் படிந்த பழைய கூடுகளை உருட்டிச் சுத்தம் செய்யும் தவிட்டைச் சல்லடையில் அசைக்கும்போதும், கண்ணுக்குத் தெரியாத தூள் எழுந்து சட்டைக் கையிலும், மீசையிலும், செருப்பின் அடியிலும் தங்குகிறது. மாலையில் கார் கொட்டகையில் ஒரு மணி நேரம் அந்தச் சல்லடையை ஆட்டிவிட்டு உள்ளே வருகிற தகப்பன், கூடத்து விரிப்பின்மேல் நாலு அடி நடந்து, தவழ்ந்து வரும் குழந்தையைத் தூக்கி மார்பில் சாத்திக்கொள்கிறான். குழந்தை அவன் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துச் சப்புகிறது. உருக்கிய இடத்திற்கு அது ஒருநாளும் போனதில்லை.

அந்தக் குழந்தையின் சரீரம், விழுங்கிய ஈயத்தில் ஏறக்குறைய பாதியை உறிஞ்சிக்கொள்ளும்; பெரியவர் உடலோ சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் ஏற்கும். சுண்ணாம்புச் சத்தைப்போல் வேஷமிட்டு நுழையும் காரீயம் மூளையின் வளர்ச்சியைக் கெடுக்கிறது. குழந்தைகளுக்குப் பாதகமில்லாத அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. பெரியவர்களுக்கு ரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, வயிற்று வலி, மலச்சிக்கல், காரணம் தெரியாத எரிச்சல் என்று வருவதால், வைத்தியரும் வேறு எதையோ தேடிக்கொண்டிருப்பார். ரத்தத்தில் உள்ள ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகக் குறையும். எலும்பில் குடியேறியதோ பல பத்து வருஷங்கள் தங்கி, கர்ப்ப காலத்தில் எலும்பு கரையும்போது வெளிப்பட்டுச் சிசுவையும் சேருகிறது.

மனிதர் வீட்டோடு இது நின்றுவிடவுமில்லை. வேட்டைக்காரன் விட்டுச்சென்ற குடலில் சிதறிக் கிடந்த குண்டுத் துணுக்குகளைத் தின்று கலிபோர்னியாவின் காண்டர் கழுகுகள் மாண்டன. 1982-இல் அவ்வினத்தில் 22 பறவைகளே மிஞ்சியிருந்தன. 2019 ஜூலை முதல் அம்மாநிலத்தில் வேட்டைக்குக் காரீயக் குண்டு கூடாது.

பரிகாரம் பரிசோதனையில் தொடங்குகிறது. விரல் நுனியைக் குத்தி எடுக்கும் ரத்தத்தில் தோலிலிருந்த ஈயமும் கலந்துவிடக்கூடும் ஆகையால், நாளத்திலிருந்து எடுத்ததையே நம்ப வேண்டும். குழந்தைக்கு டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்பது 2021 முதல் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் எச்சரிக்கை வரம்பு. 45-ஐத் தொட்டால், ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்தைப் பற்றி வைத்தியர் யோசிப்பார். அதற்குக் கீழே மருந்தைவிட, ஈயம் வரும் வழியை அடைப்பதே சிகிச்சை. சமையலறை அடுப்பும் பாத்திரமும் இந்த வேலைக்கு ஒருக்காலும் ஆகாது. அந்த இடத்தில் தின்பதும் புகைப்பதும் கூடாது. உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் புழுதி எழுமேயன்றிப் போகாது, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். வேலைத் துணியைத் தனியே துவைத்து, செருப்பை வாசலுக்கு வெளியே விட வேண்டும்.

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் கூடத்தில் சம்பளத்திற்கு உழைப்பவனுக்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1978-இல் வகுத்த தொழிலிடப் பாதுகாப்பு விதிப்படி, காற்றில் காரீயம் ஒரு கன மீட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் வருஷத்தில் 30 நாளுக்கு அதிகமாக இருந்தால், முதலாளி தம் செலவில் அவன் ரத்தத்தைப் பரிசோதிக்க வேண்டும். ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராமை எட்டினால் அவனை அவ்விடத்திலிருந்து விலக்கி, சம்பளத்தைக் குறைக்காமல் 18 மாதம் வரை காக்க வேண்டும். புகார் செய்ததற்காகப் பழிவாங்கப்பட்டால் 30 நாளுக்குள் முறையிட வேண்டும். கார் கொட்டகையில் தனியே வார்ப்பவனுக்கு இப்படி ஒரு முதலாளியும் இல்லை, நினைவூட்டுபவரும் இல்லை. அடுத்த முறை வைத்தியரிடம் போகும்போது அவனாகவே வாய் திறந்து, தன் பொழுதுபோக்கு இன்னதென்று சொல்லி, தன் ரத்தத்தோடு குழந்தையின் ரத்தத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.