கட்குழி வெடிப்பு முறிவு

கட்குழி வெடிப்பு முறிவு என்பது, பந்து, கைமுட்டி போன்றவை கண்ணில் பலமாக மோதும்போது, கண்ணைத் தாங்கும் எலும்புக் குழியின் மெல்லிய சுவர் உடைவதாகும். பெரும்பாலும் குழியின் அடித்தளமோ மூக்கை ஒட்டிய உட்சுவரோ உடைகிறது. இப்பெயரை 1957 இல் சிமித், ரீகன் ஆகிய மருத்துவர்கள் அறிமுகப்படுத்தினர். கண்ணைச் சுற்றி வீக்கம், கன்னத்திலும் மேலுதட்டிலும் மரத்துப்போதல், இரட்டைப் பார்வை ஆகியன இதன் அறிகுறிகள்.

இரட்டைப் பார்வையின் காரணங்கள்

இரு கண்களும் ஒரே திசையில் அசையாதபோது ஒரு பொருள் இரண்டாகத் தெரிகிறது. இதற்கு இரு முக்கியக் காரணங்கள் உண்டு.

1. வீக்கம், இரத்தக்கட்டு, தசையில் பட்ட அடி. இது பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ தானாகக் குறையும்.
2. கண்ணை அசைக்கும் தசையோ அதைச் சூழ்ந்த இழையமோ எலும்பு விரிசலில் சிக்குதல். இது தானாக விடுபடுவது அரிது.

எனவே, இரட்டைப் பார்வை உள்ளது என்பதால் மட்டும் அறுவை சிகிச்சை முடிவாவதில்லை. அதன் காரணமே முடிவைத் தீர்மானிக்கிறது. காரணத்தை அறிய சி.டி. ஸ்கேன் எடுக்கப்படும். மரத்துப்போகும் மருந்திட்டபின், மருத்துவர் கண்ணை இடுக்கியால் பிடித்து அசைத்தும் பார்ப்பார். அப்போதும் கண் அசையத் தடை இருந்தால் தசை சிக்கியிருக்கக்கூடும்.

எப்போது அறுவை சிகிச்சை?

* உடனடியாக: தசை சிக்கியதால் நாடித்துடிப்பு குறைந்து வாந்தி, மயக்கம் ஏற்படும்போது, சிறுவர்களுக்குத் தசை சிக்கியிருக்கும்போது.
* ஏறத்தாழ இரு வாரங்களுக்குள்: நேராகவோ கீழ்நோக்கியோ பார்க்கையில் இரட்டைப் பார்வை குறையாமல், தசை சிக்கியதும் உறுதியானால், அடித்தளத்தின் பாதிக்கு மேல் உடைந்திருந்தால், கண் 2 மி.மீ.க்கு மேல் உள்வாங்கியிருந்தால்.
* கண்காணிப்பு போதும்: கண் நன்கு அசைந்து, மேலேயோ ஓரங்களிலோ பார்க்கையில் மட்டும் சிறிதளவு இரட்டைப் பார்வை இருந்தால்.

சிறுவர்களில் தனிக்கவனம்

சிறுவர்களின் எலும்பு வளையும் தன்மை உடையது. அது விரிந்து மீண்டும் மூடிக்கொள்ளும்போது தசையைக் கவ்விக்கொள்கிறது. இரத்த ஓட்டம் தடைப்பட்டால் தசை நிலையாகப் பாதிக்கப்படலாம். வெளியே கண் வெள்ளையாக, காயமின்றித் தோன்றும். வாந்தியைத் தலைக்காயம் எனத் தவறாகக் கருதவும் வாய்ப்புண்டு. அடிபட்ட சிறுவன் மேல்நோக்கிப் பார்க்க இயலாமல் வாந்தி எடுத்தால் காத்திருக்கக் கூடாது.

சிகிச்சையும் பின்விளைவுகளும்

சிக்கிய இழையத்தை விடுவித்து, உடைந்த இடத்தை டைட்டேனியம் வலை, நுண்துளை பாலியெத்திலீன் தகடு அல்லது எலும்புத் துண்டால் மூடுவர். சிலருக்குப் பின்னரும் இரட்டைப் பார்வை நீடிக்கலாம். அவர்களுக்கு முப்பட்டகக் கண்ணாடியோ மாறுகண் அறுவை சிகிச்சையோ உதவும். கீழிமை இழுபடுதல், தொற்று, அரிதாகப் பார்வை இழப்பு ஆகியனவும் நேரலாம்.

முறிவு ஏற்பட்டவர் மூக்கைச் சிந்தக் கூடாது. காற்று கட்குழிக்குள் புகக்கூடும். பார்வை மங்குதல், கடும் வலி, கண் பிதுங்குதல் ஆகியவற்றுக்கு உடனடிச் சிகிச்சை தேவை.