பத்துக் காருக்குச் சமமான ஒரு கார்

இங்கிலாந்தில் வார இறுதியில் சொந்தக் காரைப் பந்தயத்தடத்தில் ஓட்டிப் பார்க்க வருகிறவர், முதலில் சத்தச் சோதனையைத் தாண்டியாக வேண்டும். புகைக்குழாயின் வாயிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மைக்கை வைக்கிறார்கள். எஞ்சினை அதன் உச்ச ஆர்பிஎம்மில் முக்கால் பங்குக்கு ஏற்றச் சொல்கிறார்கள். பல தடங்களில் எல்லை 105 டெசிபல். வீடுகள் நெருங்கிவிட்ட சில இடங்களில் 100-ஐ ஒட்டியே நிற்கிறது. தேறாத கார் தடத்துக்குள் போக முடியாது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு? சில்வர்ஸ்டோன், த்ரக்ஸ்டன், ஸ்னெட்டர்டன், கிராஃப்ட் ஆகிய தடங்கள் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளங்களில் உருவானவை. போர் முடிந்து சும்மா கிடந்த ஓடுபாதைகளிலும் சுற்றுச்சாலைகளிலும் கார்ப் பிரியர்கள் புகுந்துகொண்டார்கள். விமானம் இறங்கத் தோதான அந்தத் திறந்த சமவெளி, சத்தம் பரவுவதற்கும் தோதாக இருந்தது.

பொறுத்துப் பார்த்த ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். வட யார்க்‌ஷரிலுள்ள கிராஃப்ட் தடத்தில் சத்தமான நாள்கள் ஆண்டுக்கு 40-க்கு மேல் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009-ல் வரம்பு கட்டியது. சஃபோக்கில் மில்டன்ஹால் அருகே 1970-களிலிருந்து இயங்கிவந்த பந்தய அரங்கத்துக்கு ஒரு கிலோமீட்டருக்குள் ஒரு தம்பதி 2006-ல் வீடு வாங்கினார்கள். சத்தம் தாங்காமல் அவர்கள் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அரங்கம் முன்பே இருந்ததே, தெரிந்துதானே குடிவந்தார்கள் என்ற வாதம் 2014-ல் அங்கே எடுபடவில்லை.

டெசிபல் கணக்கு பலருக்கும் பிடிபடாத ஒன்று. மூன்று டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, பத்து கூடினால் பத்து மடங்கு. 105 டெசிபலில் பத்துக் கார்கள் வெளியிடும் ஒலியாற்றலை 115 டெசிபல் கார் ஒன்றே வெளியிட்டுவிடும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்காகும்போதெல்லாம் ஆறு டெசிபல் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஆனால் தடத்திலிருந்து வீட்டுப் பக்கம் காற்று வீசினாலோ, தரையை ஒட்டிக் குளிர்காற்றும் மேலே வெப்பக்காற்றும் படிந்திருந்தாலோ அந்தக் கணக்கு பொய்த்துவிடும். சத்தம் கீழ்நோக்கி வளைந்து தொலைவிலுள்ள ஜன்னல்களைத் தட்டும்.

அந்த 115 டெசிபல் கார் எப்படி உள்ளே வருகிறது என்பதுதான் கவலைக்குரிய விஷயம். சோதனை முடிந்ததும், சத்தத்தைக் குறைக்கச் சைலன்சரின் வாயில் செருகும் டிபி கில்லரைக் கழற்றி வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எஞ்சினின் உச்ச ஆர்பிஎம்மைக் குறைத்துச் சொல்லி, முக்கால் பங்கையும் சுருக்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். ஏமாற்றும் எண்ணமே இல்லாதவர்களும் மாட்டிக்கொள்வதுண்டு. சைலன்சருக்குள் அடைத்திருக்கும் கண்ணாடிப் பஞ்சு சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, புகையோடு வெளியேறிவிடும். சீசன் தொடக்கத்தில் தேறிய கார் சில மாதத்தில் தேறாமல் போவதற்கு இதுவே போதும். நின்ற இடத்தில் எஞ்சினை முடுக்குவதும், ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து வளைவிலிருந்து வெளிவருவதும் ஒன்றல்ல. பாரம் ஏறும்போது புகைக்குழாயோடு காற்றை உறிஞ்சும் குழாய்களும் சேர்ந்து இரைகின்றன. அதனால்தான் பல இடங்களில் தடத்தின் ஓரத்திலும் மைக் வைத்து, மீறுகிற காருக்குக் கருப்புக் கொடி காட்டி உள்ளே அழைக்கிறார்கள்.

எஞ்சினின் குரலைக் கேட்கவே வருகிறவர்கள் உண்டு. அந்த ஆசையில் தவறில்லை.

ஆனால் அதற்கான விலை அமெச்சூர்கள் தலையில்தான் விழுகிறது. சத்தமான நாள்களுக்கு எண்ணிக்கை வரம்பு வந்தபின், அந்த நாள்களைக் கூட்டம் சேர்க்கும் பெரிய பந்தயங்களுக்கே தடங்கள் ஒதுக்கும். நிர்வாகச் செலவு அப்படி. சொந்தச் சம்பளத்தில் டயர் வாங்கி ஓட்டுகிறவருக்கு அமைதியான நாள்களே மிஞ்சும். அதிலும் ஒருவர் அத்துமீறினால், அடுத்த ஆண்டு எல்லையை இன்னும் இறுக்கச் சொல்லி ஊர்க்காரர்கள் கேட்பார்கள். கேட்பதற்கு அவர்களுக்கு முழு நியாயமும் இருக்கும்.

காலையில் ஒரு முறை அளந்து ஸ்டிக்கர் ஒட்டுவதோடு விட்டுவிடக் கூடாது. மதிய உணவுக்குப் பிறகு சில கார்களையாவது மறுபடி அளக்க வேண்டும். டிபி கில்லரைப் போல்ட்டில் மாட்டுவதற்குப் பதிலாக வெல்டு வைத்துவிடலாம். சீசன் தொடங்கும் முன் சைலன்சரைப் பிரித்துப் புதுப் பஞ்சு அடைப்பது ஒரு டயரின் விலையைவிட மலிவான வேலை, வீட்டு கராஜிலேயே முடிந்துவிடும்.