உப்பு ஏரிக் கரையில் ஒரு நடன மண்டபம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், பெரிய உப்பு ஏரியின் கரையோரம், சால்ட்ஏர் என்னும் கேளிக்கை மண்டபம் ஒன்று ஆளரவமற்றுக் கிடந்தது. ஒரு காலத்தில் ஜனங்கள் திரள்திரளாக ரயிலேறி வந்து நீராடியும் நடனமாடியும் களித்த அந்த ஸ்தலம், ஏரி நீர் பின்வாங்கிப் போய்விட, வெளிறிய உப்பு மணலின் நடுவே தன் குமிழ் மாடங்களைச் சுமந்துகொண்டு தன்னந்தனியாக நின்றது. அறுபதுகளின் தொடக்கத்தில், கலிபோர்னியாவிலிருந்து கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரிலிருந்த தம் வீட்டுக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்த ஹெர்க் ஹார்வி என்பவர், அந்தி வெளிச்சத்தில் அதைக் கண்டார். கண்ட காட்சி மனத்தை விட்டு அகலவில்லை. தம்மோடு பணிபுரிந்த ஜான் கிளிஃபர்டிடம், இறந்தவர்கள் அம்மண்டபத்தில் கூடி நடனமாடும் காட்சியை முடிவில் வைத்து ஒரு கதை எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டார். 1962-இல் வெளிவந்து இன்றளவும் ரசிகர்களைக் கட்டிவைத்திருக்கும் 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' என்னும் பேய்ப்படம் இவ்வாறுதான் ஜனித்தது.

ஹார்வி ஹாலிவுட்டைச் சேர்ந்தவர் அல்லர். பள்ளிக்கூடங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போதனைப் படங்கள் தயாரித்து வந்த சென்ட்ரான் நிறுவனத்தில் இயக்குநராக இருந்தவர். மூன்று வார விடுப்பும், உள்ளூர் வியாபாரிகளிடம் திரட்டிய தொகையை முதலாகக் கொண்ட சுமார் 33,000 டாலர் செலவுத் திட்டமுமே அவர் கையிருப்பு. குறைந்த செலவில் எடுக்கப்பட்டதென்று பேசப்பட்ட ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வுக்கே ஏறத்தாழ எட்டு இலட்சம் டாலர் ஆயிற்று என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தத் தரித்திரத்தின் அளவு விளங்கும். கதாநாயகியாக நியூயார்க்கில் நடிப்புப் பயின்ற காண்டஸ் ஹில்லிகாஸ் வந்தார். மற்ற வேடங்கள் பலவற்றை உள்ளூர்க்காரர்களே ஏற்றார்கள். காரின் ஜன்னலில் பிரேதமுகம் தோன்றும் காட்சிக்கு ஒரு சாய்த்து வைத்த கண்ணாடி போதுமானதாயிற்று. அந்தப் பிரேதமுகமும் வேறெவருடையதும் அன்று. வெள்ளை பூசிக்கொண்ட ஹார்வியினுடையதே.

கதை எளியது. பந்தயமிட்டு ஓடிய கார் ஒன்று மரப்பாலத்திலிருந்து ஆற்றில் விழுகிறது. அதிலிருந்த மூன்று பெண்களில் மேரி ஹென்றி என்பவள் மட்டும், தேடியவர்கள் நம்பிக்கையிழந்த வேளையில், சேறு படிந்த உடையுடன் மணல்திட்டில் ஏறி வருகிறாள். எப்படிப் பிழைத்தாள் என்பது அவளுக்கே நினைவில்லை. யூட்டாவில் ஒரு தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலையை ஏற்றுப் புறப்படுகிறாள். வழியெல்லாம் அந்த வெளிறிய முகம் தொடர்கிறது. தொலைவில் தெரியும் பாழ்மண்டபமோ அவளை ஓயாமல் அழைக்கிறது. முடிவைச் சொல்லிவிட்டால் பார்க்கப்போகிறவர்களுக்குத் துரோகம் செய்தவனாவேன்.

ஆனால் ஒரு காட்சியைச் சொல்லாமல் இருக்க இயலாது. ஜவுளிக் கடையில் ஆடை மாற்றிக்கொண்டு வெளியே வரும் மேரியை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை; பேசினால் விடையில்லை. வீதிக்கு ஓடினால், வண்டிகள் நகர்கின்றன, மனிதர்கள் நடமாடுகிறார்கள், எதிலிருந்தும் சப்தம் எழவில்லை. கடைசியில் ஒரு பூங்காவின் மரத்தடியில் பறவையின் குரல் செவியில் விழும்போதுதான் உலகம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கிறது. அச்சம் பிறப்பதற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று நான்கு காரணங்களைத் தொல்காப்பியர் வகுத்தார். ஜனசமுத்திரத்தின் நடுவிலும் எவர் கண்ணுக்கும் படாமல், எவர் காதுக்கும் எட்டாமல் போய்விடுவோமோ என்று ஏங்கும் இந்த அச்சத்தை, அந்த நான்கில் எதனோடு சேர்ப்பது? முதுமையிலும், துக்கத்திலும், புதிய ஊரின் முதல் நாட்களிலும் நாம் ஒவ்வொருவரும் இதன் நிழலையாவது கண்டிருக்கிறோம். இப்படத்தின் வசீகரம் முழுவதும் இந்த அச்சத்தில்தான் வேரூன்றியிருக்கிறது என்பது என் துணிபு.

இந்தத் தனிமைக்கு வறுமையே துணைநின்றது என்பதுதான் விந்தை. அரங்கம் கட்டப் பணமில்லாததால் நிஜமான பாழிடமே அரங்கமாயிற்று. அதன் வெறுமையை எந்தச் சிற்பியும் செய்துதர முடியாது. வாத்தியக் குழுவுக்கு வழியில்லாததால் ஜீன் மூரின் ஒற்றை ஆர்கன் படம் நெடுக ஒலிக்கிறது. அது பின்னணி இசையா, மேரியின் உள்ளத்திலேயே எழும் நாதமா என்று பிரித்தறிய முடியாமற் போகிறது. சில இடங்களில் குரல் உதட்டசைவோடு ஒட்டாமல் விலகி நிற்கும் குறைகூட, உலகத்தோடு ஒட்டாத ஒருத்தியின் கதையில் பொருத்தமாகவே அமைந்துவிடுகிறது.

வெளியானபோது படம் கவனிப்பாரின்றிப் போயிற்று. விநியோகித்த நிறுவனமும் நிலைக்கவில்லை. பிரதிகளில் பதிப்புரிமை அறிவிப்பு இடம்பெறாததால், அக்காலத்துச் சட்டப்படி அது பொதுச்சொத்தாகிவிட்டது. ஹார்விக்கு நேர்ந்த அந்த நஷ்டமே படத்தின் ஆயுளை நீட்டித்தது: உரிமைத்தொகை கொடுக்க வேண்டாத படமென்று தொலைக்காட்சி நிலையங்கள் அதை நள்ளிரவு வேளைகளில் மீண்டும் மீண்டும் ஒளிபரப்பின. 1989-இல் அது திரையரங்குகளுக்கே திரும்பி வந்தது. வேறொரு கதைப்படமும் எடுக்காத ஹார்வி, 1996-இல் காலமாவதற்கு முன் அந்த மரியாதையைக் கண்ணாரக் கண்டார்.

அவர் படம்பிடித்த சால்ட்ஏர் மண்டபம் 1970-இல் தீக்கிரையாயிற்று. ஆயினும் ஊரடங்கிய ஜாமத்தில், உறக்கம் வராமல் தனியே அமர்ந்து, சிறிய திரையில் இப்படத்தை முதன்முதலாகக் கண்ட எத்தனையோ பேருடைய நினைவில் அது நின்றுகொண்டிருக்கிறது. கடைவீதியில் யாருக்கும் கேட்காமற்போன அந்தப் பெண்ணின் குரல், அந்த வேளையில், அந்தத் தனிமையில் விழித்திருந்தவர்களுக்குக் கேட்டது.