தோள் முதலில், நீளம் பிறகு

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீசிவிடாமல் சுத்தம் செய்து, பழைய அளவுக்குக் கொண்டுவந்து மறுபடி பயன்படுத்துவது அமெரிக்காவின் வேட்டைக்காரர்களிடமும் இலக்குச் சுடும் போட்டியாளர்களிடமும் நெடுநாளாக இருந்துவரும் பழக்கம். சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கே மத்திய அரசின் உரிமம் வேண்டியதில்லை; விற்பதற்குத் தயாரித்தால் வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே இங்கே சொல்லப்போவது அங்குள்ளவர்களின் பட்டறைக் காரியம். அதிலும் ஒரே ஒரு கட்டம்: கூட்டை நீளத்துக்கு வெட்டும் ட்ரிம்மரை, நெம்புகோலால் இயங்கும் பிரஸ்ஸில் பூட்டிச் சரிசெய்வது.

ஏன் வெட்ட வேண்டும்? சுடும்போது பித்தளை விரிந்து துப்பாக்கி அறையின் சுவரோடு ஒட்டுகிறது. பிறகு அதை டை எனும் அச்சுக்குள் அழுத்திச் சிறிதாக்கும்போது, பிதுங்கிய உலோகம் கழுத்துப் பக்கமாக ஓடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கூடு கொஞ்சம் நீள்கிறது. .223 ரெமிங்டன் கூட்டுக்கு அதிகபட்ச நீளம் 1.760 அங்குலம், அதாவது 44.70 மில்லிமீட்டர். வெட்டி நிறுத்த வேண்டிய அளவு 1.750. இடைவெளி கால் மில்லிமீட்டர்தான். அதிகபட்சத்தைத் தாண்டி நீண்ட கூட்டின் வாய், அறையின் முனையில் முட்டிக் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். குண்டு விடுபடத் தாமதித்தால் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். சுடுபவரின் முகம் அந்த அறைக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது என்பதை இந்த வேலையில் எந்த நேரமும் மறக்கக் கூடாது.

அரிசோனாவின் டில்லன் நிறுவனம் விற்கும் ஆர்டி 1500 வகை மின் ட்ரிம்மரை எடுத்துக்கொள்வோம். இதன் அமைப்பைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பிரஸ்ஸின் மேல்தட்டான டூல்ஹெட்டில் ஒரு டை திருகப்படுகிறது. அந்த டையின் தலைமேல் மோட்டார் உட்கார்கிறது. கீழிருந்து கூடு ஏறும்போது டை அதைச் சுற்றிலும் இறுக்கிச் சிறிதாக்கும். அதே பிடியில் நிறுத்தி வைக்கும். மேலே சுழலும் கார்பைடு கத்தி வாயைச் சீவும். டைக்குள் பழைய பிரைமரை (தீமூட்டும் மூடியை) வெளியே தள்ளும் ஊசி கிடையாது, கழுத்தை விரிக்கும் உருண்டையும் கிடையாது. அந்த இரண்டு வேலைக்கும் முன்னும் பின்னும் வேறு டைகள் வேண்டும்.

தயாரிப்பில் அவசரம் கூடாது. கூடுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள். சுடாத தோட்டா ஒன்றுகூடக் குவியலில் கலந்திருக்கக் கூடாது. வாயில் விரிசல் உள்ளதையும், அடிக்குச் சற்று மேலே பளபளவென்று வளையம் தெரிவதையும் ஒதுக்கிவிடுங்கள். அந்த வளையம், கூடு உள்ளே மெலிந்து இரண்டாகப் பிரியப்போவதற்கான அடையாளம். மீதியைச் சுத்தம் செய்து மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். பூச்சு குறைந்தால் கூடு டைக்குள் சிக்கும். மிஞ்சினால், கூடு கழுத்தாகக் குறுகும் சரிவான தோளில் பள்ளம் விழும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த இயந்திரத்தின் அருகே போகவே வேண்டாம்.

இனி பூட்டும் வேலை. மோட்டாரை இப்போது தொட வேண்டாம், பெட்டியிலேயே இருக்கட்டும். முதலில் டை மட்டும். அது தோளை எவ்வளவு பின்னுக்குத் தள்ளுகிறது என்பதைத்தான் முதலில் முடிவுசெய்ய வேண்டும். உங்கள் துப்பாக்கியில் சுட்ட கூட்டின் அடியிலிருந்து தோள் வரையிலான அளவைக் கம்பேரேட்டர் பொருத்திய காலிப்பரால் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஏஆர்-15 போன்ற அரைத் தானியங்கி ரகத்துக்கு அதிலிருந்து 0.003 அல்லது 0.004 அங்குலம் குறைத்தால் போதும். கையால் இயக்கும் போல்ட் ரகத்துக்கு 0.001 அல்லது 0.002. டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று. முழுச் சுற்று ஒன்றுக்கு 0.071 அங்குலம் இறங்கும் என்றால், 0.001 அங்குலத்துக்கு ஏறத்தாழ ஐந்து பாகை திருப்பம். அவ்வளவு சிறிய அசைவு அது. டையின்மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் கண்ணுக்குப் பிடிபடும். அளவு வந்ததும், கூடு டைக்குள் முழுதாக ஏறி நிற்கும் நிலையிலேயே லாக் ரிங்கை இறுக்குங்கள். அப்போதுதான் டை நடுவாக நிற்கும்.

தோளை முதலில் முடிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மோட்டார் டையின் மேல் அமர்ந்திருப்பதால், டையை இறக்கினால் கத்தியும் சேர்ந்து இறங்கும். கூடு அதே அளவுக்குக் குட்டையாகிவிடும். நீளத்தை முதலில் பிடித்துவிட்டுப் பிறகு தோளைச் சரிசெய்பவர், நீளத்தை மறுபடி பிடிக்க வேண்டியிருக்கும்.

அடுத்தது தூசி உறிஞ்சும் வளையம். அதன் குழாயைப் பட்டறை வாக்குவமோடு இணைத்து, மோட்டாருக்கு முன்பே ஓடவிடுங்கள். பித்தளைத் துகள் கூர்மையானது. அது, ஒரே நேரத்தில் பல கூடுகளைத் தாங்கும் ஷெல்பிளேட்டுக்கு அடியில் ஒரு சிட்டிகை சேர்ந்தாலும் கூடு தூக்கி நிற்கும், வெட்டும் நீளம் மாறும். எல்லா அளவும் சரியாக வைத்த பிறகு நீளம் திடீரென்று ஆட்டம் காட்டினால் நான் முதலில் சந்தேகப்படுவது இந்தத் துகளைத்தான்.

இப்போது மோட்டார். மின்இணைப்பு கொடுக்காமல், கத்தி கூட்டை எட்டவே முடியாத உயரத்தில் பொருத்துங்கள். ஒரு கூட்டை முழுக்க மேலேற்றி நிறுத்தி, மோட்டாரை மெல்லத் திருகி இறக்கிக்கொண்டே வாருங்கள். கத்தி வாயைத் தொட்டதும் திருகல் லேசாகத் தடைபடும். அங்கே நிறுத்தி, பூட்டை இறுக்கி, கூட்டைக் கீழிறக்கிய பிறகே மின்சாரம். மோட்டாரை ஓடவிட்டுக் கூட்டை நிதானமாக மேலேற்றி, உச்சியில் ஒரு கணம் நிறுத்தி இறக்குங்கள். அளந்து பாருங்கள். இன்னும் நீளமாக இருந்தால், இணைப்பைத் துண்டித்துவிட்டு மோட்டாரைக் கொஞ்சம் இறக்குங்கள். எப்போதும் நீளத்திலிருந்து குறைத்துக்கொண்டே வர வேண்டும். வெட்டியதை ஒட்ட முடியாது. சோதனைக்குப் பழைய கூடு நாலைந்தை ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஒற்றைக் கூட்டை வைத்து 1.750 என்று பிடித்துவிட்டு, பிரஸ்ஸை முழுவேகத்தில் ஓட்டினால் அளவு வேறாக வருகிறது. கத்தி மாறவில்லை, கூடு நிற்கும் இடம்தான் மாறியிருக்கிறது. ஷெல்பிளேட்டின் மற்ற நிலைகளிலும் கூடுகள் ஏறி ஒரே நேரத்தில் அழுத்தம் கொடுக்கும்போது, டூல்ஹெட் தன் காடிக்குள் இருக்கும் சிறு இடைவெளி அளவுக்கு எழும்பும். ஷெல்பிளேட்டின் சாய்வும் சற்று மாறும். அதனால் எல்லா நிலைகளையும் நிரப்பி ஓட்டித்தான் இறுதி அளவை முடிவுசெய்ய வேண்டும். முதலில் வருபவற்றையும் கடைசியில் வருபவற்றையும் கணக்கில் சேர்க்காமல், நடுவில் விழும் பத்துக் கூடுகளை அளந்து பாருங்கள். அவை ஒன்றுக்கொன்று 0.002, 0.003 அங்குலம் வித்தியாசத்துக்குள் இருந்தால் அமைப்பு சரி. அதற்குமேல் தாவினால் பூட்டுகளையும் டூல்ஹெட் ஊசிகளையும் பாருங்கள். உங்கள் கையையும் கவனியுங்கள். நெம்புகோலை ஒருமுறை இழுத்து, ஒருமுறை உதறி ஓட்டுபவருக்கு எந்த ட்ரிம்மரும் ஒரே நீளம் தராது.

வெட்டிய வாயில் லேசான பிசிறு இருக்கும். உட்புறத்தைச் சிறிது சரிவாகச் சீவிவிட்டால் குண்டு வழுக்கி இறங்கும். பிசிறு நாளுக்கு நாள் தடித்தால் கத்தி மழுங்கிவிட்டது என்று பொருள். எண்ணெய்ப் பூச்சைப் போக்கிவிட்டு, கழுத்தைத் தனி டையால் உரிய அளவுக்கு விரிக்க வேண்டும். ட்ரிம்மரின் டை கழுத்தை அதிகமாகவே இறுக்கியிருக்கும்.

காலிப்பரைப் பெட்டிக்குள் வைக்காதீர்கள். ஐம்பது கூடுகளுக்கு ஒருமுறை ஒன்றை எடுத்து அளந்து பாருங்கள். 1.760ஐத் தாண்டிய கூடு ஒன்றே ஒன்று கிடைத்தாலும் இயந்திரத்தை நிறுத்தி, அதற்கு முன் அளந்தது வரை எல்லாவற்றையும் திரும்ப அளவெடுங்கள்.