எந்தச் சட்டிக்கு எந்த அன்னாசி?

பெக்கான் நானாஸ் சாலையோரத்தில் நான் வாங்கும் கடையில் விலை கேட்பதற்கு முன்பே கடைக்கார அம்மா, நான் மாக்சிக் என்று கூப்பிடுபவர், கேட்டுவிடுவார்: “நாக் மாசாக் அப்பா?” என்ன சமைக்கப் போகிறாய் என்று. பச்சடி என்றால் ஒரு குவியலைக் காட்டுவார், அப்படியே நறுக்கித் தின்ன என்றால் வேறொன்றை. பொந்தியான் மாவட்டத்தின் இந்த ஊருக்கே அன்னாசியின் பெயர். அங்கே வெறும் ‘அன்னாசி’ என்று கேட்டால் போதாது. மோரிஸா, சரவாக்கா, ஜோசாப்பினா, எம்டி2-ஆ என்று சொல்ல வேண்டும்.

ஜோசாப்பின் கதை எனக்குப் பிடித்தமானது. இந்த வட்டாரத்தின் பழைய ரகமான கண்டுல், ‘சிங்கப்பூர் ஸ்பானிஷ்’ என்ற இனத்தைச் சேர்ந்தது. உருளை வடிவம், பொன்மஞ்சள் சதை. டின்னில் அடைக்க அவ்வளவு தோது. வெறும் வாயில் தின்றால்தான் சுவை போதாது. இந்த ஸ்பானிஷையும் சாறு மிகுந்த ஸ்மூத் கேயீனையும் கலந்து பிறந்தது ‘ஜொகூர்’ என்னும் கலப்பினம். அதை மறுபடி கேயீன் வகையான ‘சரவாக்’குடன் சேர்த்து, வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி 1996-இல் வெளியிட்டதே ஜோசாப்பின். ஜொகூரின் ‘ஜோ’, சரவாக்கின் ‘சா’: தாய் தந்தை இருவரும் பெயரிலேயே இருக்கிறார்கள். தோல் கருஊதாவாக இருந்து, பழுக்கும்போது செம்மஞ்சளாக மாறும். இனிப்பு தூக்கலாக இருக்கும், வாசனை கடையைத் தாண்டி வரும்.

இத்தனையும் விளைவது இலையும் வேரும் பல நூற்றாண்டுகளாக நீரில் ஊறி மக்கிய ‘தானா காம்புட்’ மண்ணில். கால் வைத்தால் மெத்தைபோல் அமுங்கும் மண். அதன் புளிப்பில் பல பயிர்கள் திணறும், அன்னாசி தாங்கிக்கொள்ளும்.

பறித்த பிறகு அன்னாசி இனிக்காது. வாழைக்காயில் மாவுச்சத்து இருக்கிறது, அது வீட்டில் கிடந்தே சர்க்கரையாகும். அன்னாசியில் அந்தச் சேமிப்பு இல்லை. வீட்டில் வைத்தால் தோல் மஞ்சளாகும், அவ்வளவுதான். ஆகவே மூக்கை நம்பி வாங்குங்கள். இன்னொன்று: இது ஒரே பழமல்ல, நூற்றுக்கு மேற்பட்ட பூக்கள் ஒட்டிச் சேர்ந்து ஆனது. ஒவ்வொரு கண்ணும் ஒரு பூ இருந்த இடம். அடிப்பூக்கள் முதலில் மலர்வதால் அடிப்பக்கம் இனிக்கும், கொண்டைப் பக்கம் புளிக்கும். வட்டமாக அரிந்தால் ஒருவருக்கு இனிப்பும் இன்னொருவருக்குப் புளிப்பும் போகும்; நெடுக்காக அரிந்தால் எல்லோருக்கும் இரண்டும் கிடைக்கும்.

மாக்சிக் தோல் சீவுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். கொண்டையைப் பிடித்துத் தோலை மெல்லிசாக இறக்குவார். பிறகு கண்களை ஒவ்வொன்றாகத் தோண்டாமல், அவை சாய்வாக அமைந்திருக்கும் வரிசையோடு கத்தியை ஓட்டி, வாய்க்கால்போல் கீறி எடுப்பார். ஒரு கீறலில் ஒரு வரிசைக் கண்களும் போய்விடும், சதை வீணாகாது. கடைசியில் உப்புத் தண்ணீரில் ஒரு முக்கு.

அன்னாசி தின்றால் நாக்கு அரிப்பதற்கும் ஒரு காரணம் உண்டு. அன்னாசியில் புரோமலைன் என்னும் நொதி இருக்கிறது. அது புரதத்தைத் துண்டாக்கும். ஊசிபோன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் நாக்கைக் குத்த, இந்த நொதி அங்கே வேலையைத் தொடங்கிவிடுகிறது. சமையலறையில் இதே குணம் உதவவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். முற்றிய ஆட்டுக்கறியில் கொஞ்சம் சாறு பிசறி அரை மணி நேரம் வைத்தால் கறி பூவாக வேகும். இரவு முழுக்க விட்டால் கூழாகிவிடும். பச்சை அன்னாசியைத் தயிரில் போட்டு வைத்தால் பால் புரதம் சிதைந்து கசப்பு ஏறும். பச்சடிக்குப் பழத்தை முதலில் மஞ்சளும் மிளகாயும் சேர்த்து நன்றாக வேகவிட்டு, ஆறிய பிறகு தயிர் ஊற்றச் சொன்ன நம் பாட்டிமார் நொதியின் பெயர் அறிந்தவர்கள் அல்லர். ஆனால் கொதியில் அது செயலிழக்கும் என்பதைக் கைப்பழக்கத்தால் கண்டிருந்தார்கள். மலாய்க்காரர்கள் அன்னாசியை மசாலாவிலும் வறுத்தரைத்த தேங்காயிலும் வேகவைத்து ‘பஜெரி’ செய்கிறார்கள். அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் என் காதில் பச்சடி என்றே விழுகிறது.

பச்சடிக்கும் பஜெரிக்கும் மோரிஸைத்தான் கேட்பேன். முள் நிறைந்த செடி, சிறிய பழம், மொறுமொறுப்பான சதை. எவ்வளவு வெந்தாலும் துண்டு குலையாது, புளிப்பும் வெல்லத்துக்கு ஈடுகொடுக்கும். அசாம் பெடாஸ் மீன் குழம்புக்கு அரைப்பழம் போதும். ரசத்துக்குச் சாறு மிகுந்த சரவாக். பருப்புத் தண்ணீரோடு ஒரே கொதி, மிளகு தூக்கலாக. எம்டி2 எனக்குப் பழத்தட்டில் மட்டும். அதன் இனிப்பு குழம்பில் தனியே துருத்திக்கொண்டு நிற்கும்.

ஜோசாப்பினை நான் அடுப்பில் ஏற்றுவதில்லை. உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும்.