எட்டிப் பிடிக்கும் இரும்புக் கை

வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகளுக்குக் குஜராத், மகாராஷ்டிரத்திலிருந்து பஞ்சு லோடு வந்து நின்றால், தார்ப்பாயை அவிழ்த்ததும் கொக்கியோடு லாரி மேல் ஏறுபவர்கள் லோடுமேன்கள். ஒரு பேல் சுமார் 170 கிலோ. ஓர் ஆள் தூக்கும் சுமை 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967-லேயே பரிந்துரைத்திருக்கிறது. இது அதைப்போல் மூன்று மடங்கு. கொக்கி மாட்டிப் புரட்டித்தான் தள்ள வேண்டும். கைதவறிச் சரிந்தால் கீழே நிற்பவரின் முதுகெலும்பு போய்விடும்.

சாதாரண ஃபோர்க்லிஃப்ட் நேர் மேலேதான் தூக்கும். லாரியின் இந்தப் பக்கம் நின்றபடி அந்தப் பக்கத்து பேலை எடுக்க அதனால் ஆகாது. சக்கரமும் சிறியது, மழை பெய்த செம்மண் தரையில் புதைந்துகொள்ளும். இந்த இரண்டு குறையும் இல்லாத வண்டிதான் டெலிஹேண்ட்லர். அதற்கு டிராக்டர் போலப் பெரிய டயர்கள். ஒன்றுக்குள் ஒன்று செருகிய இரும்புப் பெட்டிக் குழாய்களால் ஆன அதன் கை, அதாவது பூம், மேலேயும் ஏறும், முன்னாலும் நீளும். பிரிட்டனின் ஜேசிபி நிறுவனம் 1977-ல் 'லோடால்' என்ற பெயரில் இதைக் கொண்டுவந்தது.

தூக்குவது ஹைட்ராலிக் எண்ணெய். அழுத்தம் 200 பார் என்று வைத்துக்கொள்வோம். சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ. 10 செ.மீ. விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு 78 சதுர செ.மீ.க்குச் சற்று அதிகம். பெருக்கினால் 15 டன்னைத் தாண்டுகிறது. மூன்று டன் தூக்க இவ்வளவு எதற்கு? சிலிண்டர் உந்துவது பூமின் அடிமூட்டுக்கு அருகில். சுமை இருப்பதோ தொலைவில், அதன் நுனியில்.

இன்னொரு நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. பூம் மேலே ஏறும்போது நுனியிலுள்ள ஃபோர்க்கும் பின்னால் சாய்ந்து, பேல் டிரைவரை நோக்கி உருள வேண்டும். அப்படி நடப்பதில்லை. பூமுக்கு அடியில் இருக்கும் ஒரு சிறு சிலிண்டரிலிருந்து வெளியேறும் எண்ணெய், ஃபோர்க்கை அதே அளவு முன்னால் சாய்த்துச் சமன் செய்துவிடுகிறது.

ஆபத்து இருப்பது நீட்டும்போதுதான். நிறைகுடத்தை இடுப்போடு அணைத்துச் சுமப்பதும், கையை நீட்டிப் பிடிப்பதும் ஒன்றா? முன்சக்கரத்திலிருந்து ஒரு மீட்டர் தள்ளி 3 டன் தாங்கும் வண்டி, மூன்று மீட்டர் தள்ளி ஒரு டன்தான் தாங்கும். நீளும் பூமின் எடையும் முன்னால் நகர்வதால் உண்மையில் அதையும்விடக் குறைவு. ஆகவே '3 டன், 7 மீட்டர்' என்ற விளம்பரத்தைப் பார்த்து இரண்டும் எப்போதும் சேர்ந்தே கிடைக்கும் என்று நம்பி வாங்கக் கூடாது. எந்த நீளத்தில் எவ்வளவு என்பதற்கு கேபினில் ஓர் அட்டவணை இருக்கும். பல மாடல்களில் பின் அச்சின் மீது மிஞ்சியிருக்கும் பாரத்தை ஒரு சென்சார் அளக்கிறது; அது குறையக் குறைய விளக்கு பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் சிவப்புக்கும் மாறும். ஆனால் பக்கவாட்டில் சரிந்த தரையில் பூமை உயர்த்தினால் வண்டி புரள்வதை அந்த விளக்கு முன்கூட்டிச் சொல்லாது. தரையைப் பார்க்க வேண்டியது டிரைவர்தான்.

பேலை இருபக்கமும் கவ்வும் கிளாம்ப் மாட்டினால் ஆலைக் குடோனில் அடுக்கலாம். ஃபோர்க் மாட்டினால் புது ஷெட் கட்டுமிடத்தில் கூரைத் தகடுகளை மேலே கொடுக்கலாம். பக்கெட் மாட்டினால் மக்காச்சோளம் அள்ளலாம். இதை வாங்கும் ஆலைகள், பேலின் சுபாவம் தெரிந்த தங்கள் லோடுமேன்களுக்கே பயிற்சி கொடுத்து டிரைவர் சீட்டில் உட்கார வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் இதற்கு இப்போதைக்கு வேலை குறைவு. மூட்டை மூட்டையாக வரும் சரக்கில் ஃபோர்க் நுழைய இடமில்லை. நெரிசலில் வண்டி திரும்பவும் வழியில்லை. சரக்கு பேலட் பலகைகளில் அடுக்கப்பட்டு வரத் தொடங்கினால்தான் அங்கே இதற்குப் பிழைப்பு.