செம்பு காட்டிக்கொடுக்கும் தங்கம்

பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடையில் போடுவதற்கு முன் ரேம் அட்டையைக் கழற்றிப் பார்த்தால், ஓரத்தில் வரிசையாக மஞ்சள் பட்டைகள் தெரியும். அசல் தங்கம்தான். ஆனால் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதற்கு அடியில் நிக்கல், அதற்கும் அடியில் செம்பு. கறுக்காது, துருப்பிடிக்காது, எத்தனை முறை செருகி எடுத்தாலும் மின்சாரத்துக்குத் தடை போடாது என்பதற்காகப் பூசிய தங்கம் அது.

ஒரு செல்போனில் சுமார் 0.034 கிராம் தங்கமும் 0.35 கிராம் வெள்ளியும் 0.015 கிராம் பல்லேடியமும் இருப்பதாக அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 2006-இல் கணக்குச் சொன்னது. அதே போனில் செம்பு 16 கிராம். தங்கத்தைப்போல 470 மடங்கு. தங்கம் தேடிப் போகிறவர் முதலில் முட்டிக்கொள்வது செம்பின் மீதுதான். வேடிக்கை என்னவென்றால், வழியை மறித்து நிற்கும் அந்தச் செம்பேதான் கடைசியில் தங்கத்தைப் பிடித்தும் கொடுக்கிறது.

உலோகங்களுக்குள் ஒரு வரிசை உண்டு. எலெக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் துத்தநாகமும் இரும்பும் ஒரு பக்கம். பிடித்த பிடியை விடாத பிளாட்டினமும் தங்கமும் மறுபக்கம். செம்பு நடுவில். வெள்ளி அதற்குச் சற்று அப்பால். கரைசலில் அயனியாகக் கிடக்கும் உலோகத்தின் நடுவே, அதைவிட எளிதில் எலெக்ட்ரானைக் கொடுக்கும் உலோகத்தைப் போட்டால், வந்தது கரையும், கரைந்திருந்தது திடமாகப் படியும். வெள்ளி நைட்ரேட் கரைசலில் செம்புக் கம்பியைத் தொங்கவிட்டுப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். சில நிமிடங்களில் கம்பி சாம்பல் பூக்கும். பிறகு ஊசி ஊசியாக வெள்ளிப் படிகம் முளைக்கும். நிறமே இல்லாதிருந்த நீர் மெல்ல நீலமாகும்; நீலம், கரைந்த செம்பின் நிறம். செம்பின் ஓர் அணு இரண்டு எலெக்ட்ரானைக் கொடுக்கிறது, வெள்ளி அணுவுக்கு ஒன்றே போதும். அதன் எடையும் அதிகம். ஆகவே 63.5 கிராம் செம்பைக் கொடுத்தால் 216 கிராம் வெள்ளி வந்து சேர்கிறது. இப்படி ஒரு வியாபாரம் கடைத்தெருவில் நடக்காது.

தங்கத்தைக் கரைசலுக்குக் கொண்டுவருவதுதான் கடினம். நைட்ரிக் அமிலம் செம்பையும் நிக்கலையும் வெள்ளியையும் கரைக்கும், தங்கத்தைத் தொடாது. இது குறையல்ல, வசதி. வெட்டியெடுத்த ரேம் ஓரங்களை அதில் போட்டால் செம்பழுப்புப் புகை கிளம்பும். அடித்தளம் கரைந்துபோய், மேலே பூசியிருந்த தங்கம் மட்டும் சிறு சிறு தகடுகளாகக் கழன்று மிதக்கும்.

இன்னொரு வழி மெதுவானது, எனக்கு அதுவே அழகாகப் படுகிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் துண்டுகளைப் போட்டு, உள்ளே காற்றைக் குமிழியிட விடுவார்கள். முதலில் கொஞ்சம் செம்பு கரைந்து செம்பு குளோரைடாகும். பச்சை நிறமான அந்தத் திரவம் மிச்சமிருக்கும் செம்பைத் தின்னத் தொடங்கும். தின்று வலுவிழந்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதற்கு மறுபடி வலுவேற்றும். செம்பைச் செம்பே தின்கிறது. தப்பித்தவறித் துளித் தங்கம் கரைந்தாலும், பக்கத்தில் கரையாமல் நிற்கும் செம்பு அதைப் பிடித்துத் தன்மேல் படியவைத்துவிடும்.

கழன்ற தகடுகளுக்குத்தான் ராஜதிராவகம். மூன்று பங்கு ஹைட்ரோகுளோரிக், ஒரு பங்கு நைட்ரிக். நைட்ரிக் தங்கத்திடமிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கப் பார்க்கும். தனியாக நின்றால் அந்தப் பறிப்பு நிலைக்காது. குளோரைடு கூட இருந்தால், வெளியே வந்த தங்க அயனியை நான்கு குளோரைடுகள் சூழ்ந்துகொண்டு திரும்பவிடாமல் தடுக்கும். கரைசல் மஞ்சளாகும். செம்பை முன்கூட்டியே அகற்றியது எதற்கென்று இங்கே புரியும்: செம்பு கிடக்கும்வரை, கரைகிற தங்கம் மறுபடி அதன்மேல் போய் ஒட்டிக்கொண்டே இருக்கும், அமிலம்தான் வீண்.

கரைசலில் தங்கம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு சொட்டை வடிதாளில் விட்டு, அதன்மேல் வெள்ளீய குளோரைடு ஒரு சொட்டு விடுவார்கள். தங்கம் இருந்தால் தாளில் கத்தரிப்பூ நிறம் பரவும். 17-ஆம் நூற்றாண்டிலிருந்து ஐரோப்பாவில் கண்ணாடிக்கு மாணிக்கச் சிவப்பு ஏற்றப் பயன்பட்ட அதே வேதியியல். பிறகு சோடியம் மெட்டாபைசல்பைட்டோ இரும்பு சல்பேட்டோ சேர்த்தால் தங்கம் அடியில் இறங்கும். மினுமினுக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பார்வைக்குக் காபித்தூள் வண்டல். அதைக் கழுவி உலர்த்தி, வெண்காரம் போட்டு மூசையில் உருக்கினால்தான் மஞ்சள் வரும்.

மிச்சத் திரவத்தைக் கொட்டுவதில்லை. இறங்காமல் நின்ற தங்கமும், பல்லேடியமும், பிளாட்டினமும் அதில் இருக்கும். அதை ஒரு தொட்டியில் சேர்த்து, செம்புத் துண்டுகளைப் போட்டு விட்டுவிடுவார்கள். செம்பு ஆள் பார்க்காது. தன்னைவிட உயர்ந்த உலோகம் எதுவானாலும் கருந்தூளாக இறக்கிவிடும். கடைசியில் திரவத்தில் செம்பு மட்டும் கரைந்து நிற்கும். அதைப் பிடிக்கப் பழைய இரும்பு. சீனாவில் சோங் அரசர்கள் காலத்திலேயே, செம்பு கரைந்த சுரங்க நீரில் இரும்புத் தகட்டைப் போட்டுச் செம்பு எடுத்திருக்கிறார்கள்.

படிக்க எளிதாக இருக்கிறதே என்று யாரும் மொட்டைமாடியில் முயலக்கூடாது. அந்தச் செம்பழுப்புப் புகை நைட்ரஜன் டையாக்சைடு. சுவாசித்தபோது பெரிதாகத் தெரியாமல், பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்து ஆளைச் சாய்த்துவிடும். பித்தளைச் சாமானுக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தில் பழைய மின்னணுச் சாதனங்களின் போர்டுகளை எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் உலோகம் எடுத்ததன் கசடு ராம்கங்கை ஆற்றங்கரையில் சேர்ந்தது. இவ்வளவு விலை கொடுத்தும் லாபம் முழுசாக இல்லை. பெங்களூருவின் சிறு பட்டறைகளை ஆராய்ந்தவர்கள், போர்டிலிருந்த தங்கத்தில் சுமார் கால் பங்கே கைக்கு வந்ததாகக் கண்டார்கள். பெரிய உருக்காலைகளில் 95 சதவீதம்.

அந்தப் பெரிய உருக்காலைகளில் வேலை செய்வதும் செம்புதான், அளவு மட்டும் வேறு. உலையில் உருகி நிற்கும் செம்பில் நொறுக்கிய போர்டுகள் விழுகின்றன. பிளாஸ்டிக் எரிபொருளாகிறது. இரும்பும் அலுமினியமும் ஆக்சைடாகிக் கசடோடு போகின்றன. தங்கம், வெள்ளி, பல்லேடியம் உருகிய செம்புக்குள் கரைந்துகொள்கின்றன. அந்தச் செம்பைப் பலகைகளாக வார்த்து, கந்தக அமிலமும் செம்பு சல்பேட்டும் கலந்த தொட்டியில் நேர்முனையாகத் தொங்கவிடுகிறார்கள். தரும் மின்னழுத்தம் அரை வோல்ட்டுக்கும் குறைவு. செம்பு அணு அணுவாகக் கரைந்து எதிர்முனையில் 99.99 சதவீதத் தூய்மையோடு படிகிறது. தங்கத்துக்கும் வெள்ளிக்கும் அந்த வோல்ட் போதாது; பிடித்திருந்த செம்பு நழுவிப்போனதும் தொட்டியின் அடியில் சகதியாக விழுகின்றன. அந்தச் சகதிதான் ஆலையின் லாபம்.

மின்கழிவு தங்கச் சுரங்கத்தைவிட வளமானது என்று அடிக்கடி எழுதுகிறார்கள். பாதி உண்மை. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறை உடைத்த கோலார், 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, 2001-இல் மூடப்பட்டபோது டன்னுக்குச் சுமார் 3 கிராம்தான் கொடுத்தது. பேட்டரி நீக்கிய பழைய போன்கள் ஒரு டன்னில், மேலே சொன்ன கணக்குப்படி, 300 கிராம். ஆனால் டோக்கியோ ஒலிம்பிக் பதக்கங்களுக்காக ஜப்பான் முழுக்கத் திரட்டிய 78,985 டன் பழைய சாதனங்களிலிருந்து கிடைத்தது 32 கிலோ தங்கம். வகுத்துப் பாருங்கள், டன்னுக்கு அரை கிராம்கூட இல்லை. அந்தக் குவியலில் போன்களும் இருந்தன. ஆனால் மொத்த எடையில் அவை சிறு பங்குதான். மீதியெல்லாம் மற்ற சாதனங்கள். மின்கழிவு வியாபாரிகள் போன் போர்டுக்கு ஒரு விலை, கம்ப்யூட்டர் போர்டுக்கு ஒரு விலை, டிவி போர்டுக்கு ஒரு விலை என்று தரம் பிரித்துத்தான் எடை போடுகிறார்கள். டிவி போர்டின் விலையில் தங்கத்துக்கு அநேகமாக இடமே இல்லை. அங்கே எண்ணிக் கொடுக்கும் காசு பெரும்பாலும் செம்புக்குத்தான்.